காகிதத்தில் 43 பாகை, அம்மாவின் நெஞ்சில் எத்தனை பாகை?

கேள்வி: ஹட்டனுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் இருக்கிறோம். அம்மா கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். சில வருடங்களுக்கு முன் இடது மார்பை எடுத்து, கண்டியில் கதிர்வீச்சும் கொடுத்தார்கள். இப்போது தழும்பைச் சுற்றிச் சின்னச் சின்னக் கட்டிகளாக மறுபடி வந்திருக்கிறது. சென்னையில் இருக்கும் தம்பி ஒரு தனியார் வைத்தியசாலையில் விசாரித்திருக்கிறான். குறைந்த அளவு கதிர்வீச்சோடு 'ஹைப்பர்தேர்மியா' என்ற சூட்டுச் சிகிச்சையும் சேர்த்துக் கொடுக்கலாம் என்கிறார்களாம். அவர்கள் அனுப்பிய காகிதத்தில் '43 பாகை, 60 நிமிடம்' என்று மட்டும் இருக்கிறது. 'ஒத்தடம் கொடுக்கவா இந்தியா போகவேணும்?' என்று சித்தி கேட்கிறார். நான் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். அந்த மெஷின் உண்மையிலேயே சரியாகச் சூடாக்குகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? போனால் எதையெல்லாம் கேட்பது?

பதில்: மருத்துவப் பௌதிகவியலாளர்

அன்புள்ள சகோதரி,

சித்தியின் சந்தேகம் நியாயமானது, அதிலிருந்தே தொடங்குகிறேன். சுடுதண்ணீர்ப் போத்தலும் துணி ஒத்தடமும் தோலைத்தான் சூடாக்கும். அந்தச் சூடு உள்ளே இறங்குவதற்குள் ஓடுகிற இரத்தம் அதை அள்ளிக்கொண்டு போய்விடும். ஹைப்பர்தேர்மியாவில் தோலுக்கு மேல் வைக்கும் அன்டெனாவிலிருந்து மின்காந்த அலை போகிறது. திசுவில் உள்ள நீரும் உப்பும் அந்த அலையை உறிஞ்சுவதால் சூடு உள்ளேயே பிறக்கிறது. நெஞ்சுச் சுவர் போன்ற மேலோட்டமான இடங்களுக்கு 434 அல்லது 915 மெகாஹேட்ஸ் மீடிறன்தான் வழக்கம். 434 இல் ஏறத்தாழ 4 சென்ரிமீற்றர் ஆழம் வரை வேலை நடக்கும். 915 இல் ஆழம் இன்னும் குறைவு. 40 முதல் 43 பாகை வரை, சுமார் ஒரு மணிநேரம் வைத்திருப்பதுதான் இலக்கு.

இந்தச் சூடு கதிர்வீச்சுக்குத் துணை. கதிர்வீச்சால் உடைந்த மரபணு இழையைப் புற்றுக் கலம் தானே ஒட்டிக்கொள்ளப் பார்க்கும். சூடு அந்த ஒட்டுவேலையைத் தடுக்கிறது. ஒட்சிசன் போதாமல் கிடக்கும் கலங்களைக் கதிர்வீச்சு எளிதில் கொல்லாது. அந்தக் கலங்கள்தான் சூட்டுக்குக் கூடுதலாகப் பயப்படுகின்றன. இரத்த ஓட்டமும் கூடி ஒட்சிசன் கொஞ்சம் அதிகமாக வந்து சேர்கிறது. ஆகவே 'சூடு மட்டும் போதும், கதிர்வீச்சும் வேண்டாம், மருந்தும் வேண்டாம்' என்று எங்கேயாவது சொன்னால் அங்கே அம்மாவைக் கொண்டுபோகாதீர்கள். நீங்கள் எழுதிய இடம் கதிர்வீச்சோடு சேர்த்துத்தான் சொல்லியிருக்கிறது. அது சரியான பேச்சு.

இனி உங்கள் கேள்வி. இந்தச் சிகிச்சையின் வரலாற்றிலேயே அதற்குப் பதில் இருக்கிறது. 1980களில் அமெரிக்காவில் ஆர்.டி.ஓ.ஜி. என்ற கூட்டு ஆய்வுக் குழு, மேலோட்டமான கட்டிகளுக்குக் கதிர்வீச்சு மட்டும் ஒரு பிரிவுக்கும், கதிர்வீச்சோடு சூடும் சேர்த்து இன்னொரு பிரிவுக்கும் கொடுத்துப் பார்த்தது. கட்டி முழுதாக மறைந்தவர்கள் ஒரு பக்கம் 30 சதவீதம், மறுபக்கம் 32 சதவீதம்; வித்தியாசமே இல்லை. பிறகு உள்ளே போய்ப் பார்த்தபோது, 3 சென்ரிமீற்றருக்குச் சிறிய கட்டிகளில் மட்டும் பலன் தெரிந்தது. பெரிய கட்டிகள் பலவற்றில் சூடு போதிய அளவு ஏறவே இல்லை. ஏறியதா என்று அளந்த இடங்களும் போதாது. இதற்குப் பிறகுதான் சூட்டுச் சிகிச்சைக்கென்று தர உறுதி விதிகள் ஒவ்வொன்றாக எழுதப்பட்டன.

1996 இல் ஐந்து ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்து வெளியிட்டார்கள். அம்மாவுக்கு வந்திருப்பது போன்ற மார்புப் புற்றுநோய்க் கட்டிகள், 306 நோயாளிகள். முழுதாக மறைந்தது கதிர்வீச்சில் மட்டும் 41 சதவீதம், சூடும் சேர்ந்தபோது 59 சதவீதம். ஏற்கெனவே கதிர்வீச்சு வாங்கிய இடத்தில் திரும்பி வந்த கட்டிகளுக்குத்தான் பலன் அதிகம். 2005 இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆய்வு இன்னும் கவனமானது. முதலில் ஒரு தடவை சூடாக்கிப் பார்த்து, சூடேறக்கூடிய கட்டிகளை மட்டும் ஆய்வில் சேர்த்தார்கள். கொடுக்கவேண்டிய வெப்ப அளவையும் முன்கூட்டியே எழுதி வைத்தார்கள். முன்பு கதிர்வீச்சு வாங்கியவர்களில் கட்டி முழுதாக மறைந்தது சூடு இல்லாமல் 23.5 சதவீதம், சூட்டோடு 68.2 சதவீதம்.

சிகிச்சையின் பெயர் மூன்று இடத்திலும் ஒன்றுதான். கட்டிக்குள் போய்ச் சேர்ந்த சூடும் அதை அளந்த விதமும்தான் வேறு. அதனால் மெஷின் எந்தக் கம்பெனியுடையது என்று கேட்பதைவிட, 'அம்மாவின் உடம்பில் அளந்த வெப்பப் பதிவைத் தருவீர்களா?' என்று கேளுங்கள். நான் கீழே எழுதுவதெல்லாம் அந்தப் பதிவை நம்பலாமா என்று பார்ப்பதற்காக.

விஞ்ஞானம் படிப்பிக்கிறீர்கள், ஆகவே கணக்கோடு சொல்கிறேன். 1984 இல் சப்பரெட்டோ, டூவி என்ற இருவர் வெப்பத்தையும் நேரத்தையும் ஒரே அளவாக்கும் வழியைச் சொன்னார்கள். எந்தச் சூட்டையும் '43 பாகையில் எத்தனை நிமிடத்துக்குச் சமம்' என்று மாற்றிக்கொள்வது. சி.ஈ.எம். 43 என்று பதிவில் வருவது இதுதான். 43 க்குக் கீழே ஒவ்வொரு பாகை குறையும்போதும் நிமிடங்கள் கால்வாசியாகும்; மேலே ஒவ்வொரு பாகை கூடும்போதும் இரட்டிக்கும். 43 பாகையில் 60 நிமிடம் என்றால் 60. 42 பாகையில் அதே ஒரு மணிநேரம் 15 நிமிடத்துக்குச் சமம். 41 பாகையில் 3.75. 40 பாகையில் ஒரு நிமிடம்கூட இல்லை. ஆக 43 க்குக் கீழே வெப்பமானி அரைப் பாகை பிழை காட்டினால், கொடுத்த அளவு பாதியாகவோ இரட்டிப்பாகவோ கணக்கில் விழும். கதிர்வீச்சு மெஷினில் இந்த அளவு பிழையை யாரும் ஒரு நாள்கூடப் பொறுக்கமாட்டார்கள்.

இன்னொரு கணக்கும் பாருங்கள். ஒரு கட்டியிலும் அதைச் சுற்றியும் பத்து இடத்தில் அளக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அளவுகள் 43.4, 43.0, 42.7, 42.5, 42.2, 42.0, 41.6, 41.2, 40.4, 39.5. இதில் ஆகக் கூடியதை எடுத்துக் காகிதத்தில் '43 பாகை' என்று எழுதினால் அது பொய்யில்லை. ஒரு மணிநேரம் அப்படியே நின்றால் அந்த ஒரு புள்ளிக்கு 79 நிமிட அளவு கிடைத்திருக்கும். ஆனால் பத்தில் ஒன்பது இடம் எட்டிய வெப்பம் 40.4 தான். அதற்குக் கிடைத்தது 1.6 நிமிடம். ஒரே ஆள், ஒரே மணிநேரம்! தொண்ணூறு சதவீத இடங்கள் எட்டிய இந்த வெப்பத்தை டி 90 என்பார்கள். நோய் திரும்பி முளைப்பது சூடேறாத ஓரத்திலிருந்து என்பதால் வைத்தியத்துக்கு டி 90 தான் முக்கியம். டியூக் ஆய்வில் எல்லாத் தடவைகளும் சேர்த்து டி 90 இல் குறைந்தது 10 நிமிட அளவு கொடுப்பது இலக்காக இருந்தது. உங்களுக்கு வந்த காகிதத்தில் உள்ள 43 என்பது கூடியதா, சராசரியா, டி 90 ஆ என்று முதல் கேள்வியாகக் கேளுங்கள். விளங்கிப் பதில் சொல்லும் இடமென்றால் நல்ல அறிகுறி.

தோட்டத்தில் பிறந்தவர்களுக்குத் தராசைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. சாக்குக்கு, ஈரத்துக்கு என்று கழிக்கும்போதும், முள் பூச்சியத்தில் நிற்காதபோதும் பறித்த கொழுந்துக்கும் பேர் போட்ட கிலோவுக்கும் எவ்வளவு இடைவெளி விழும் என்று அம்மாவுக்கே தெரியும். படிக்கல் வைத்துத் தராசைச் சோதிப்பது போலத்தான் வெப்பமானியைச் சோதிப்பதும்.

பாடசாலை ஆய்வுகூடத்தில் உருகும் பனிக்கட்டியிலும் கொதிக்கும் தண்ணீரிலும் வெப்பமானியை வைத்துப் பார்ப்போம். உங்கள் ஊரில் அதிலேயே ஒரு சிக்கல் உண்டு. ஹட்டன் ஏறத்தாழ 1,270 மீற்றர் உயரம். தண்ணீர் 96 பாகைக்குச் சற்று முன்பே கொதித்துவிடும். நுவரெலியாவில் 94 க்குப் பக்கத்தில். பருப்பு வேகச் சுணங்குவது அதனால்தான். எப்படியும் 0 இலும் 100 இலும் சரியாக இருக்கும் வெப்பமானி 42 இல் சரியாக இருக்கும் என்று எந்த உறுதியும் கிடையாது. இந்தச் சிகிச்சையில் உடம்பில் வைத்து வெப்பம் அளக்கும் மெல்லிய கருவிகளை, அதாவது ப்ரோப்களை, சீராகக் கலக்கப்படும் தண்ணீர்த் தொட்டியில், சான்றிதழ் பெற்ற ஒரு மூல வெப்பமானிக்குப் பக்கத்தில் வைத்து, 37 முதல் 46 பாகை வரை பல புள்ளிகளில் ஒப்பிடவேண்டும். வித்தியாசம் 0.2 பாகைக்குள் இருக்கவேண்டும். அந்த 0.2 பாகையே அளவில் கால்வாசி கூட்டிக் குறைத்துவிடும் என்பதால் அதற்கு மேல் விடமுடியாது. 'கடைசியாக எப்போது ஒப்பிட்டீர்கள், தாளைக் காட்டுங்கள்' என்று தம்பி கேட்கலாம். அதில் ஒவ்வொரு ப்ரோப்பின் இலக்கமும், திகதியும், புள்ளிக்குப் புள்ளி வித்தியாசமும் இருக்கும். 'கம்பெனிக்காரர் வந்து பார்த்துவிட்டுப் போனார்' என்பது பதிலாகாது.

ப்ரோப் எந்த வகை என்பதும் முக்கியம். உலோகக் கம்பி உள்ள தெர்மோகப்பிள் மின்காந்த அலையில் தானே சூடாகும், சமிக்ஞையும் குழம்பும். அதைப் பாவிப்பதென்றால் மின்வலுவைச் சில கணம் நிறுத்திவிட்டு வாசிக்கவேண்டும். கண்ணாடி இழை ப்ரோப்புக்கும், அலையில் அகப்படாத உயர்தடைக் கம்பி கொண்ட தெர்மிஸ்டருக்கும் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் கண்ணாடி இழையைக் கூர்மையாக மடித்தால் ஒடிந்துவிடும், அளவும் நகரும். ஒரு ப்ரோப் தானே சூடாகிறதா என்று பார்க்க எளிய வழி உண்டு. மின்வலுவை நிறுத்தியவுடன் திரையைப் பாருங்கள். திசு ஆறுவதற்கு நேரம் எடுக்கும்; கோடு மெல்லச் சரியும். நிறுத்திய கணத்திலேயே அரைப் பாகை, ஒரு பாகை என்று செங்குத்தாக விழுந்தால், அது அதுவரை காட்டியது கம்பியின் சூடு.

எங்கே வைக்கிறார்கள்? தோலின் மேல், தழும்பின் நீளத்துக்கு, கட்டிகளின் மேல், ஓரங்களில் என்று பல ப்ரோப்கள் ஒட்டவேண்டும். கட்டி தடிப்பாக இருந்தால், அந்த இடத்தை மரத்துப்போகச் செய்து, நுனி மூடிய மெல்லிய குழாயை உள்ளே செலுத்தி, அதற்குள் ப்ரோப் வைப்பார்கள். குழாயின் நுனி எந்த ஆழத்தில் இருக்கிறது என்று ஸ்கேனில் பார்த்து எழுதவேண்டும். தோல் ப்ரோப்பில் அடிக்கடி நடக்கும் பிழை ஒன்று இருக்கிறது. தோலுக்கும், அன்டெனாவுக்கு அடியில் வைக்கும் தண்ணீர்ப் பைக்கும் நடுவில் அது கிடப்பதால், சரியாக ஒட்டாவிட்டால் பைத்தண்ணீரின் வெப்பத்தையே காட்டிக்கொண்டிருக்கும். பைத்தண்ணீர் 41 பாகை, தோல் ப்ரோப்களும் ஒரு மணிநேரமும் அசையாமல் 41 என்று ஒரே கோடாக இருந்தால் சந்தேகப்படுங்கள். உயிருள்ள தோல் அப்படி இருக்காது. இரத்த ஓட்டம் கூடும்போது கொஞ்சம் இறங்கும், மின்வலுவை ஏற்றினால் ஏறும்.

தண்ணீர்ப் பை என்று சொன்னேன் அல்லவா, போலஸ் என்று அதற்குப் பெயர். அன்டெனாவுக்கும் தோலுக்கும் இடையில் வைத்து, உப்பு நீக்கிய தண்ணீரை ஒரே வெப்பத்தில் ஓடவிடுவார்கள். அலை சிதறாமல் உடம்புக்குள் போகவும், தோலின் வெப்பத்தைக் கட்டுப்படுத்தவும் அதுதான் வழி. மார்பு எடுத்த நெஞ்சு சமதரையாக இருக்காது. தழும்புப் பக்கம் குழிந்து, விலா எலும்பு மேடாக, அக்குள் பக்கம் மடிந்து கிடக்கும். பை அந்தக் குழியில் உட்காராமல் காற்று இடைவெளி விட்டால், அங்கே அலை உள்ளே போகாது. இடைவெளியின் ஓரத்தில் குவிந்து தோலைச் சுடும். ஈரத் துணியாலோ ஜெல்லாலோ குழியை நிரப்பிவிட்டுத்தான் பையை வைக்கவேண்டும். பைக்குள் நிற்கும் காற்றுக் குமிழும் அதே கேட்டைச் செய்யும். நல்ல தொழில்நுட்பவியலாளர் ஒவ்வொரு தடவையும் பையைத் தட்டிச் சரித்துக் குமிழை ஓரத்துக்குத் தள்ளி வெளியேற்றுவார். இந்த ஒரு நிமிட வேலையை விட்டாலே கொப்புளம் வரலாம். அன்டெனா தோலோடு சரியாகப் பொருந்தாவிட்டால் அனுப்பும் மின்வலுவில் ஒரு பகுதி திரும்பி வரும். மெஷின் திரையில் 'திரும்பிய வலு' என்று தனியாகத் தெரியும். 100 வாட் போய் 30 வாட் திரும்பி வந்துகொண்டிருந்தால், பையைத் திரும்ப வைக்காமல் மின்வலுவை மட்டும் ஏற்றுவது தவறு.

சில இடங்களில் நோயாளியின் உடம்பில் வெப்பமே அளப்பதில்லை. இத்தனை வாட், இத்தனை கிலோஜூல் கொடுத்தோம் என்று எழுதித் தருவார்கள். வாட் என்பது மெஷினிலிருந்து கிளம்பியது. எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்பது கொழுப்பின் தடிப்பையும் இரத்த ஓட்டத்தையும் பொறுத்தது. ஒரே வாட்டில் ஒருவருக்கு 42 பாகையும் இன்னொருவருக்கு 39 பாகையும் வரலாம். மேலோட்டமான கட்டிக்கு வெப்பம் அளப்பது கடினமே இல்லை. ஆகவே அளக்காமல் கொடுப்பதை நான் ஏற்கமாட்டேன்; உங்களுக்கும் வேண்டாம் என்றே சொல்வேன். இரண்டு தட்டுகளுக்கு நடுவே படுக்கவைத்து 8 அல்லது 13.56 மெகாஹேட்ஸில் சூடாக்கும் வகை மெஷின் என்றால், கொழுப்புத்தான் முதலில் சூடாகும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

மெஷினைப் பற்றி ஒரு கேள்வி கேட்டால் போதும்: 'போலித் தசையில் சோதித்த படம் இருக்கிறதா?' தண்ணீர், அகார், கொஞ்சம் உப்பு முதலியவற்றைக் கலந்து, தசையைப் போலவே அலையை உறிஞ்சும் பாளம் ஒன்று செய்வார்கள். மேலே கொழுப்புக்குப் பதிலாக ஒரு சென்ரிமீற்றர் படை ஒன்றும் வைப்பார்கள். அதன்மேல் அன்டெனாவை வைத்துச் சூடாக்கி, உடனே பிளந்து, அகச்சிவப்புக் கமராவில் படம் எடுப்பார்கள். சுணங்கினால் சூடு பரவி உருவம் கலைந்துவிடும். 1 சென்ரிமீற்றர் ஆழத்தில் 6 நிமிடத்தில் 6 பாகையாவது ஏறவேண்டும் என்பது ஓர் அளவுகோல். உங்கள் மாணவர்களுக்கே இந்தக் கணக்கைக் கொடுக்கலாம்: தன்வெப்பம் கிலோவுக்கு, ஒரு பாகைக்கு ஏறத்தாழ 3,600 ஜூல் என்றால், 3,600 ஐ 6 ஆல் பெருக்கி 360 செக்கனால் பிரிக்க, கிலோவுக்கு 60 வாட். ஏறிய வெப்பம் உச்சத்தில் பாதியாகக் குறையும் கோடு வரைதான் அந்த அன்டெனாவின் உண்மையான அளவு. அது வெளியே தெரியும் சட்டத்தைவிட எப்போதும் சிறிது. அம்மாவின் கட்டிகள் எல்லாம், சுற்றிலும் கொஞ்சம் இடம் விட்டு, அந்தக் கோட்டுக்குள் அடங்கவேண்டும். அடங்காவிட்டால் பெரிய அன்டெனா வேண்டும், அல்லது இடத்தைப் பிரித்து ஒவ்வொன்றாகக் கொடுக்கவேண்டும். இதைச் செய்யாமல் நடுவில் வைத்துச் சூடாக்கினால் ஓரத்துக் கட்டிகளுக்கு ஒத்தடம்தான் கிடைக்கும். சித்தி சொன்னது அப்போது சரியாகிவிடும்.

தினமும் முதல் நோயாளிக்கு முன் பையில் கசிவு, தண்ணீர் வெப்பம், ப்ரோப்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகின்றனவா, அவசர நிறுத்தப் பொத்தான் வேலை செய்கிறதா என்று பார்த்துக் கையெழுத்து வைப்பார்கள். அதற்கு ஒரு கொப்பி இருந்தால் சரி.

இப்போது அம்மாவின் பக்கம். இது மற்ற எல்லாவற்றையும்விட எனக்குக் கவலையான விஷயம்.

மார்பு எடுத்த பிறகு தழும்பைச் சுற்றி உணர்ச்சி குறைந்திருக்கும். அங்கே சுட்டாலும் அம்மாவுக்குத் தெரியாது. போவதற்கு முன் வீட்டிலேயே ஒரு பஞ்சை எடுத்து மெல்லத் தொட்டுப் பாருங்கள். உணர்ச்சி இல்லாத இடத்தைப் பேனாவால் ஒரு தாளில் படமாக வரைந்து வைத்தியரிடம் கொடுங்கள். அந்த இடத்தில் கட்டாயம் ஒரு ப்ரோப் இருக்கவேண்டும். நீரிழிவு இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

உணர்ச்சி உள்ள இடங்களில் அம்மாவின் வாய்தான் இன்னொரு வெப்பமானி. மழையிலும் அட்டைக்கடியிலும் கூடை சுமந்தவர்கள் வலியைப் பல்லைக் கடித்துப் பொறுப்பார்கள். 'டொக்டர் சங்கடப்படுவார்' என்று சொல்லாமலே விடுவார்கள். இந்தச் சிகிச்சையில் அப்படிப் பொறுக்கவே கூடாது என்று அம்மாவிடம் திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்புங்கள். 'எரியுது' என்றால் தோல் சூடாகிறது. 'உள்ளே அமுக்குது, கடுக்குது' என்றால் ஆழத்தில் ஓர் இடம் அளவுக்கு மேல் ஏறுகிறது. இரண்டுக்கும் அவர்கள் செய்யும் திருத்தம் வேறு வேறு. ஆகவே எந்த இடம், என்ன மாதிரி என்று விரலால் காட்டவேண்டும். முறையிட்ட நேரமும் செய்த திருத்தமும் பதிவில் ஏறவேண்டும். சிகிச்சை முடியும்வரை ஒருவர் கூடவே இருக்கவேண்டும். தூக்க மருந்து கொடுத்துப் படுக்கவைத்துச் சூடாக்குவதற்குச் சம்மதிக்காதீர்கள். சாதாரண தோலில் 43 பாகையைத் தாண்டவிடமாட்டோம் என்ற எல்லையையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

உலோகம் எதுவும் கிட்ட இருக்கக்கூடாது. தாலிக்கொடி, வளையல், சேஃப்டி பின், உள்ளாடைக் கொக்கி எல்லாம் கழற்றவேண்டும். தாலியைக் கழற்ற அம்மா தயங்குவார். மஞ்சள் கயிற்றில் கட்டிக்கொண்டு போனால் மனம் ஆறும், ஆனால் கயிற்றில் தங்கப் பொட்டும் இருக்கக்கூடாது. சத்திரசிகிச்சையில் கிளிப் போட்டார்களா, இதயத்துக்குப் பேஸ்மேக்கர் உண்டா என்பதை முதலிலேயே சொல்லவேண்டும். பேஸ்மேக்கர் உள்ளவர்களுக்கு இது கூடாது.

நாட்களைப் பற்றியும் கேளுங்கள். ஒரு தடவை சூடு பட்ட கலங்கள் சில நாட்களுக்குச் சூட்டைத் தாங்கப் பழகிக்கொள்ளும். அதனால் வாரத்துக்கு ஒன்று அல்லது இரண்டு தடவைதான். திங்களும் வியாழனும் என்பது போல. 'தினமும் கொடுக்கிறோம், சீக்கிரம் முடிந்துவிடும்' என்றால் அது லாபமில்லை. கதிர்வீச்சு கொடுத்த அதே நாளில், அதிக இடைவெளி விடாமல், ஒன்று முதல் நான்கு மணிநேரத்துக்குள் சூடும் கொடுப்பதே நல்லது. இரண்டும் ஒரே கட்டடத்தில் இருக்கிறதா என்று தம்பி பார்த்து வைக்கட்டும். சென்னை வாகன நெரிசலில் இந்த மணிக்கணக்கு எளிதில் தவறும்.

முடிந்த பின் தோல் சிவப்பது சாதாரணம். அன்றிரவும் மறுநாள் காலையும் நல்ல வெளிச்சத்தில் பாருங்கள், படம் எடுத்து வையுங்கள். கொப்புளம் வந்தாலும், தோலுக்கு அடியில் தொட்டால் நோகும் கட்டிபோல ஏதாவது தட்டுப்பட்டாலும் அடுத்த தடவைக்கு முன் காட்டவேண்டும். எந்த ப்ரோப்புக்குப் பக்கத்தில் வந்தது என்று பார்த்து அவர்கள் பையையோ மின்வலுவையோ மாற்றவேண்டியிருக்கும். பற்பசை, தேங்காயெண்ணெய், மஞ்சள் எதுவும் பூசாதீர்கள். இன்னொன்று: 'அங்கே சூடு கொடுத்தது நல்லதென்றால் வீட்டிலும் கொடுப்போம்' என்று யாராவது ஒத்தடம் கொடுக்க வந்தால் விடவேண்டாம். ஒரு தடவை கதிர்வீச்சு பட்ட, உணர்ச்சி குறைந்த தோல் அது. சுடுதண்ணீர்ப் போத்தலில் வெந்தால் ஆறுவதற்கு மாதக்கணக்காகும்.

ஒவ்வொரு தடவையும் முடிந்ததும் கேட்டு வாங்கவேண்டியது ஒரு தாள்தான்: ப்ரோப்கள் இருந்த இடங்களின் படம், நேரத்தோடு ஒவ்வொன்றின் வெப்பக் கோடு, கூடியது, நடுவானது, டி 90, சி.ஈ.எம். 43, கொடுத்த மின்வலு, அம்மா சொன்ன முறைப்பாடுகள். முதல் இரண்டு தடவையும் டி 90 மிகக் குறைவாகவே நின்றால், 'என்ன மாற்றப் போகிறீர்கள்?' என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. அன்டெனாவை மாற்றலாம், பையின் வெப்பத்தை மாற்றலாம், இடத்தைப் பிரிக்கலாம். எதுவும் பலிக்காவிட்டால் சூட்டை விட்டுவிட்டு மருந்து வழியை யோசிப்பதுதான் நேர்மை.

புறப்படும் முன் ஒரு வேலை இருக்கிறது. கண்டியில் முன்பு கொடுத்த கதிர்வீச்சின் முழு விபரம் இல்லாமல், அதே இடத்தில் திரும்ப எவ்வளவு கொடுக்கலாம் என்று யாராலும் சரியாகக் கணக்கிட முடியாது. மொத்தம் எத்தனை கிரே (கதிர்வீச்சு அளவின் அலகு), எத்தனை தடவை, எந்தத் திகதி முதல் எந்தத் திகதி வரை, எந்த இடத்துக்கு, எந்தக் கோணத்தில் என்ற சிகிச்சைச் சுருக்கம் வேண்டும். டயக்னோசிஸ் கார்டிலும் கிளினிக் கொப்பியிலும் இதெல்லாம் முழுதாக இருக்காது. கதிர்வீச்சுப் பிரிவில் அம்மாவின் இலக்கத்தைச் சொல்லி எழுத்தில் கேட்கவேண்டும். அங்கே பார்க்கும் புற்றுநோய் வைத்திய நிபுணரிடம் இந்தச் சென்னைத் திட்டத்தையும் ஒளிக்காமல் சொல்லுங்கள். நுரையீரலுக்கோ எலும்புக்கோ பரவியிருக்கிறதா என்ற ஸ்கேனை இங்கேயே எடுத்துப் பார்த்துவிடலாம். பரவியிருந்தால் திட்டமே வேறாகும், பயணமும் தேவைப்படாமல் போகலாம். பழைய பதிவைத் தேடி எடுக்க அவர்களுக்கு நாள் பிடிக்கும். ஆகவே டிக்கெட் போடுவதற்கு முன், இந்த வாரமே கடிதத்தைக் கொடுத்துவிடுங்கள்.